சளிச்சவ்வில் ஒட்டும் மருந்து மணிகள்: எதைச் சேர்த்தால் எது மாறும்?

பூந்தி போட்டுப் பழகியவர்களுக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். மாவு நீர்த்திருந்தால் விழுந்ததும் சப்பையாகும். கெட்டியாக இருந்தால் ஒவ்வொரு மணிக்கும் ஒரு வால் முளைக்கும். கரண்டியை உயர்த்திப் பிடித்தால் ஒரு வடிவம், தாழ்த்தினால் வேறு வடிவம். ஆய்வகத்தில் நாம் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். கடலை மாவுக்குப் பதில் சோடியம் அல்ஜினேட், எண்ணெய்க்குப் பதில் கால்சியம் குளோரைடு கரைசல், கரண்டிக்குப் பதில் சிரிஞ்சு ஊசி. உள்ளே மருந்து.

பூந்தி வாய்க்குப் பிடித்தால் போதும். இந்த மணியோ இரைப்பையின் அல்லது சிறுகுடலின் சளிப்படலத்தில் ஒட்டிக்கொண்டு, சில மணி நேரமாவது அங்கேயே இருந்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அதற்காகத்தான் கூடுதலாக ஒன்றைச் சேர்க்கிறோம்: ஒட்டும் பாலிமர், மிருதுவாக்கி, துளை உண்டாக்கி, கடினமாக்கி. சேர்க்கும் ஒவ்வொன்றும் நாம் கேட்டதைக் கொடுக்கும். கூடவே கேட்காத வேறொன்றையும் மாற்றிவிடும். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இந்த இரண்டாவதில். எம்.ஃபார்ம் மாணவர்கள் பலருக்கு முதல் ஆராய்ச்சித் திட்டமாகவே இது வந்து சேர்வதால், நான் தடுமாறிக் கற்ற வரிசையிலேயே எழுதுகிறேன்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பது

பயிற்சிக்கு, நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு நல்ல மருந்து. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், யூவி (புற ஊதா ஒளி உறிஞ்சலை அளக்கும்) கருவியில் 233 நானோமீட்டரில் சுலபமாக அளக்கலாம். பெரும்பாலும் சிறுகுடலின் மேல் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் மீதி மருந்தில் பெரும்பகுதி வீண். ஆகவே மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் மணிக்கு இங்கே ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் இதில் இரண்டு சிக்கல். ஒன்று, தண்ணீரில் தாராளமாகக் கரையும் மருந்து இது. மணி உருவாகும்போதே கால்சியம் குளோரைடு கரைசலுக்குள் கசிந்து ஓடும். இரண்டாவது, மருந்தளவு. ஒரு வேளைக்கு 500 மி.கி. என்று வைத்துக்கொண்டால், 30% மருந்து கொண்ட மணிகள் 1.6 கிராமுக்கு மேல் வேண்டும். பெரிய 00 அளவு கேப்சூலில்கூட அது அடங்காது. எனவே மெட்ஃபார்மின் கற்றுக்கொள்ளச் சரி. சந்தைக்குப் போகும் பொருளாக நினைத்தால் கணக்கு இடிக்கும். ஆந்திரப் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2003ல் வெளியிட்ட இதே வகை வேலைக்குக் கிளிபிசைடு என்ற இன்னொரு நீரிழிவு மருந்தை எடுத்ததில் ஒரு புத்திசாலித்தனம் தெரிகிறது. அதன் மருந்தளவு சில மில்லிகிராம்தான். உங்கள் வழிகாட்டி மருந்தை மாற்ற விட்டால், இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுப் பாருங்கள்.

எதுவும் சேர்க்காத ஒரு தொகுதி

இதைத் தவிர்த்துவிட்டு நேராகக் கார்போபால் என்ற ஒட்டும் பாலிமருக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம். தாவாதீர்கள். ஒப்பிட ஒரு அடிப்படைத் தொகுதி இல்லாவிட்டால், பிறகு எதைப் பார்த்தாலும் அது சேர்த்த பொருளால் வந்ததா, அல்ஜினேட்டால் வந்ததா என்று தெரியாது.

100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 2 கிராம் சோடியம் அல்ஜினேட். நீரைச் சுழலவிட்டு, சுழியின் ஓரத்தில் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் ரவை உப்புமாவில் விழும் கட்டி போல வெளியே வழவழப்பு, உள்ளே உலர்ந்த மாவு. கரைந்ததும் 1 கிராம் மருந்தைச் சேர்த்துக் கலக்கி, மூடி வைத்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காற்றுக் குமிழ்கள் மேலே வந்து போக வேண்டும். போகாவிட்டால் சில மணிகள் குளியலில், அதாவது அவை விழும் கால்சியம் குளோரைடு கரைசலில், மிதக்கும், சில மூழ்கும். அவை உறையும் நேரமும் ஒன்றாக இருக்காது.

மறுநாள் 5% கால்சியம் குளோரைடு கரைசலில், 22 கேஜ் ஊசி வழியாக, ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருங்கள். கடைசிச் சொட்டு விழுந்ததிலிருந்து 15 நிமிடம் உறையவிட்டு, வடிகட்டி, கொஞ்சம் நீரில் அலசி, 40 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். ஈரத்தில் ஊறிய ஜவ்வரிசி மாதிரி இருந்தவை உலர்ந்ததும் கடுகு அளவுக்குச் சுருங்கும்.

நுண்கோளம் என்று சொல்ல விட்டம் 1000 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். ஊசிவழி மணிகள் பல சமயம் அந்த எல்லையைத் தொட்டோ தாண்டியோ நிற்கும். அப்படியானால் ஆய்வேட்டில் 'மணி' என்றே எழுதிவிடுங்கள், தப்பில்லை. வாய்மொழித் தேர்வில் இந்த ஒரு கேள்வியில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அல்ஜினேட் பாட்டிலைப் பற்றி ஒரு சொல். அல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. நம் மண்டபம், ராமேஸ்வரம் கடலோரத்தில் எடுக்கும் சர்காசம், டர்பினேரியா இரண்டும் அந்த இனம்தான். பாசியின் வகையையும் எடுத்த பருவத்தையும் பொறுத்து குலுரோனிக், மானுரோனிக் அமிலங்களின் விகிதம் மாறும். குலுரோனிக் அதிகமானால் கால்சியம் அதன் மடிப்புகளில், தட்டில் முட்டை உட்காருவது போல உட்கார்ந்து, விறைப்பான ஜெல் தரும். மானுரோனிக் அதிகமானால் ஜெல் மென்மையாக, வளைந்து கொடுப்பதாக இருக்கும். ஆக, பாதி வேலையில் பாட்டில் தீர்ந்து வேறு தொகுதி வாங்கினால், முடிவுகள் மாறுவதற்குச் சேர்த்த பொருள் காரணமாக இருக்காது. முழுத் திட்டத்துக்கும் வேண்டியதை ஒரே தொகுதி எண்ணில் வாங்கி வையுங்கள்.

அளக்க வேண்டிய நான்கு

ஒவ்வொரு தொகுதிக்கும் நான்கு விஷயம்: அளவும் உருவமும், உள்ளே நின்ற மருந்து, ஒட்டுதல், வெளியீட்டு வேகம். வீக்கத்தையும் அளந்து வைத்தால் மற்ற நான்கும் ஏன் அப்படி வந்தன என்பது புரியும்.

உள்ளே நின்ற மருந்துக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன தொகுதியில் மருந்து 1 பங்கு, அல்ஜினேட் 2 பங்கு. அப்படியானால் 50 மி.கி. மணியில் இருக்க வேண்டியது 16.7 மி.கி. மணிகளை அரைத்து, பாஸ்பேட் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) ஊறவிட்டு அளந்தபோது 8.5 மி.கி. கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிப்புத் திறன் 51%. மீதி எங்கே போனது? குளியலில் இருக்கும். அந்தக் கரைசலையும் அலசிய நீரையும் கீழே ஊற்றாமல் எடுத்து அதிலும் மருந்தை அளங்கள். இரண்டும் கூட்டினால் போட்ட 1 கிராமுக்கு அருகே வர வேண்டும். வரவில்லையென்றால் அளவீட்டில் தவறு. சேர்மானத்தைக் குறைசொல்லும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.

கார்போபால்: ஒட்டும், ஆனால்

ஒட்டுதலுக்கு முதலில் நினைவுக்கு வருவது கார்போபால். அதன் சங்கிலி முழுக்கக் கார்பாக்சில் தொகுதிகள். சளியில் உள்ள மியூசின் என்ற புரதத்தோடு அவை ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுக்கொள்ளும். சங்கிலிகள் சளிக்குள் நுழைந்து பின்னிக்கொள்ளும். கார்போபாலின் பிகேஏ, அதாவது பாதி கார்பாக்சில்கள் அயனியாகும் பிஎச், 6 அளவில். அதற்குக் கீழே கார்பாக்சில்கள் பெரும்பாலும் அயனியாகாமல் இருக்கும், பிணைப்பு நன்றாக அமையும். பிஎச் அதைத் தாண்டினால் அயனியாகி, நீரை இழுத்து ஊதி, எதிர்மின்னுள்ள மியூசினிடமிருந்து விலகப் பார்க்கும். இந்த மணிகள் அமில ஊடகத்தில் நெடுநேரம் நின்று, 7.4 பிஎச் ஊடகத்தில் சீக்கிரம் கழுவிப் போவது இதனால்தான்.

அப்படியானால் நிறையப் போடலாமே? இங்கேதான் மூன்று இடத்தில் இடறும்.

முதல் இடம் பீக்கர். கார்போபால் கரைசல் தானே அமிலம், பிஎச் 3 பக்கத்தில். அல்ஜினேட் அந்த அளவு அமிலத்தைப் பார்த்தால் அல்ஜினிக் அமிலமாகத் திரியும். பாலில் எலுமிச்சை பிழிந்த மாதிரி. கார்போபாலைத் தனியாக ஊறவைத்து, அல்ஜினேட் கரைசலுக்குள் மெல்ல மெல்ல ஊற்றுங்கள். பிஎச்சைப் பார்த்துக்கொண்டே தேவைப்பட்டால் துளித் துளியாகச் சோடியம் ஹைட்ராக்சைடு விடுங்கள். அதிகமாக நடுநிலைப்படுத்தினால் கலவை அல்வா பதத்துக்குப் போய் ஊசியில் இறங்காது.

இரண்டாவது இடம் மருந்து. மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு ஒரு உப்பு. உப்புகள் கார்போபால் ஜெல்லை இளக்கிவிடும். மருந்தில்லாமல் செய்து பார்த்த மாதிரி மணி அழகாக வந்தது, மருந்து போட்டதும் சப்பையாகிறது என்றால் ஊசியை மாற்றிப் பயனில்லை.

மூன்றாவது குளியல். கால்சியம் அல்ஜினேட்டை மட்டும் பிடிப்பதில்லை, கார்போபாலின் கார்பாக்சிலையும் பிடிக்கும். எந்தக் கார்பாக்சில் ஒட்ட வேண்டுமோ அதையே கால்சியம் கட்டிப்போட்டுவிடும். 10% கால்சியம் குளோரைடில் மணிகள் நல்ல கெட்டியாக வருவதைப் பார்த்து மகிழ்வோம். ஒட்டுதல் சோதனையில் அவை உருண்டோடும்.

வகை வாங்கும்போது கவனம்: பழைய கட்டுரைகளில் எல்லாம் 934பி இருக்கும். அதன் தயாரிப்பில் பென்சீன் கரைப்பானாக வருகிறது. வாய்வழி மருந்துக்குப் பென்சீன் இல்லாமல் செய்யும் 974பி, 971பி வகைகள் இருக்கின்றன. வாய்ப்பிருந்தால் அவற்றை வாங்குங்கள்.

ஹெச்பிஎம்சி, சோடியம் சிஎம்சி, பிசின்கள்

ஹெச்பிஎம்சி (ஹைட்ராக்சிபுரோபைல் மெத்தில்செல்லுலோஸ்) என்ற பாலிமருக்கு மின்சுமை கிடையாது. பிஎச்சும் கால்சியமும் அதை அவ்வளவாகத் தொடாது. அதனால் கணிக்க எளிது. ஒட்டுதல் கார்போபாலைவிடக் குறைவு. கே4எம் வகை 2% கரைசலில் சுமார் 4000 சென்டிபாய்ஸ் தடிமன் தரும். உருண்டை நன்றாக வரும், வெளியீடு மெதுவாகும். ஆனால் கால்சியம் அதைக் கட்டாததால் கொஞ்சம் குளியலிலேயே கழன்று போகும்.

சோடியம் சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) நடுவாந்தரம்: எதிர்மின்னுள்ளது, நன்றாக ஒட்டும், நீரை வேகமாக இழுக்கும். சாந்தன், குவார் பிசின்களுக்கும் ஏறக்குறைய இதே கதை, குவாருக்கு மட்டும் மின்சுமை கிடையாது. இயற்கைப் பொருள் என்பதால் தொகுதிக்குத் தொகுதி மாறுபாடு கூடுதல்.

இந்த இடத்தில் வீக்கத்தையும் ஒட்டுதலையும் ஒன்றாக நினைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தபால் தலையை நாக்கில் தடவி ஒட்டிய காலம் ஞாபகம் இருக்கிறதா? உலர்ந்திருந்தால் ஒட்டாது, அளவாக ஈரமானால் கெட்டியாகப் பிடிக்கும், தண்ணீரில் போட்டு எடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். மணியும் அப்படியே. உலர்ந்த மணி சளியிலிருந்து நீரை உறிஞ்சும்போது பிடிப்பு வலுக்கிறது. அளவுக்கு மீறி ஊறினால் மேற்பரப்பு கொழகொழத்து, பிடித்த இடத்திலேயே நழுவுகிறது. நிறைய வீங்கும் தொகுதி முதல் மணி நேரத்தில் முதலிடத்திலும், நான்காம் மணி நேரத்தில் கடைசியிலும் இருப்பது சாதாரணம். ஆகவே ஒரே ஒரு நேரப்புள்ளியில் அளந்து முடிவு எழுதாதீர்கள்.

கடினமாக்கிகள்

கால்சியம் குளோரைடின் அடர்த்தியும் உறையும் நேரமும் சேர்ந்து வேலை செய்யும். இரண்டையும் கூட்டினால் வலை நெருக்கமாகும், வீக்கம் குறையும், வெளியீடு மெதுவாகும், ஒட்டுதலும் குறையும். பிடிப்புத் திறன் மட்டும் ஏமாற்றும். சரியாகக் கரையாத மருந்தென்றால் வலை நெருங்க நெருங்க மருந்து உள்ளே நிற்கும். மெட்ஃபார்மின் மாதிரி கரையும் மருந்தென்றால், நீங்கள் குளியலில் விட்டு வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது கசிந்துகொண்டிருக்கிறது. அடர்த்தியைக் கொஞ்சம் கூட்டி நேரத்தைக் குறைப்பது இதற்கு ஒரு வழி. குளியலிலேயே முன்கூட்டி மருந்தைக் கரைத்து வைத்தால் உள்ளுக்கும் வெளிக்கும் அடர்த்தி வித்தியாசம் குறைந்து கசிவு குறையும்; மலிவான மருந்துக்கு மட்டும் கட்டுப்படியாகும் தந்திரம் அது. அப்படிச் செய்தால் மேலே சொன்ன கூட்டல் கணக்கில் குளியலில் போட்டதைக் கழிக்க மறக்க வேண்டாம்.

பாலிமராகக் கைட்டோசானோ ஜெலட்டினோ எடுத்தால், கடினமாக்கியாகக் குளூட்டரால்டிஹைடு வந்து நிற்கும். கைட்டோசான் ஒட்டுவதே அதன் அமினோ தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெற்று, மியூசினின் சியாலிக் அமிலத்தை இழுப்பதால். குளூட்டரால்டிஹைடு பிடிப்பதும் அதே அமினோ தொகுதிகளைத்தான். இறுக்கம் கூடக் கூட ஒட்டும் கைகள் குறைந்துகொண்டே போகும். போதாததற்கு நச்சு வேறு; மிச்சம் இல்லை என்று காட்டும் வரை அலச வேண்டும், காட்டியும் ஆக வேண்டும். ட்ரைபாலிபாஸ்பேட் வைத்து வேலை நடக்குமென்றால் நான் குளூட்டரால்டிஹைடு பாட்டிலைத் திறக்கவே மாட்டேன்.

கைட்டோசானைக் குளியலில் சேர்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது. 1% அசிட்டிக் அமிலத்தில் கரைத்த கைட்டோசானைக் கால்சியம் குளோரைடு குளியலோடு கலந்துவிடுங்கள். எதிர்மின்னுள்ள அல்ஜினேட் சொட்டு விழுந்ததும், நேர்மின்னுள்ள கைட்டோசான் அதன் மேல் ஒரு தோல் போலப் படியும். கசிவு குறைகிறது. மேற்பரப்பு இப்போது நேர்மின், மியூசின் எதிர்மின், ஒட்டுதலும் கூடுகிறது. ஒரே மாற்றத்தில் இரண்டு நன்மை கிடைப்பது இந்தத் துறையில் அபூர்வம்.

இதற்கும் விலை உண்டு. கைட்டோசானின் பிகேஏ 6.5 அளவில். அதற்கு மேல் போனால் மின்னேற்றம் போய்விடும், ஆகவே இரைப்பையில் காட்டும் பிடிப்பைக் குடலின் கீழ்ப்பகுதியில் எதிர்பார்க்க முடியாது. அடர்த்தியைக் கூட்டினால் குளியல் தடித்து, சொட்டுகள் மேலேயே தங்கிச் சப்பையாகும். இறால் ஓட்டிலிருந்து வரும் பொருள் என்பதால் அசிடைல் நீக்க அளவும் மூலக்கூறு எடையும் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். இரண்டையும் குறித்து வையுங்கள்.

சிறிய மணி வேண்டுமென்றால்

ஊசியை விட்டு எமல்ஷனுக்கு, அதாவது எண்ணெய்க்குள் நீர்ச் சொட்டுகள் பரவிய கலவைக்கு, வர வேண்டும். லிக்விட் பாராபின் எண்ணெயில், சொட்டுகள் ஒன்றுசேராமல் காக்கும் ஸ்பான் 80 கலந்து, வேகமாகக் கலக்கிக்கொண்டே அல்ஜினேட் கலவையை விட்டு, அப்புறம் கால்சியம் குளோரைடு கரைசலை மெதுவாகச் சேர்ப்பது வழக்கம். ஸ்பான் 80ன் ஹெச்எல்பி (நீர் நாட்டம், எண்ணெய் நாட்டம் இரண்டின் சமநிலை எண்) 4.3, எண்ணெய்க்குள் நீர்ச் சொட்டைத் தாங்க ஏற்றது. 1% அளவிலிருந்து கூட்டிக்கொண்டு போனால் சொட்டு சிறிதாகும், ஓர் எல்லைக்கு மேல் மாற்றம் தெரியாது.

சிறிய மணிக்கு மேற்பரப்பு அதிகம்: சளியைத் தொடும் இடமும் அதிகம், மருந்து ஓடும் வழியும் அதிகம். ஒட்டுதல் கூடும், வெளியீடும் வேகமாகும். இன்னொன்று, சரியாக அலசாவிட்டால் ஸ்பானும் பாராபினும் மணியின் மேல் எண்ணெய்ப் பிசுக்காக நிற்கும். நீர் ஏறாது, சளியோடு தொடர்பே வராது. பாலிமர் ஒட்டவில்லை என்று எழுதப்பட்ட சில முடிவுகள் உண்மையில் சரியாகக் கழுவாத முடிவுகளாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். என்-ஹெக்சேனில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். ஃப்யூம் ஹுட்டுக்குள், பக்கத்தில் பர்னர் இல்லாமல்.

மற்றவை, வேகமாக

கிளிசரின், பிஇஜி 400 போன்ற மிருதுவாக்கிகள் உலரும்போது வெடிப்பு விழாமல் காக்கும். அதிகமானால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மருந்தும் வேகமாக வெளியேறும். லாக்டோஸ், மானிட்டால் முன்னதாகக் கரைந்து துளை விடும். கால்சியம் கார்பனேட், சோடியம் பைகார்பனேட் அமிலத்தில் வாயு விட்டு மணியை நுரைப்பாக்கி மிதக்க வைக்கும். மிதக்கும் மணி சளிச்சவ்வைத் தொடாது என்பதை மறந்து இரண்டையும் ஒன்றாகக் கேட்கிறார்கள். எது வேண்டுமென்று முதலில் முடிவு செய்யுங்கள். டால்க், ஸ்டார்ச் போன்ற நிரப்பிகள் உலர்ந்த பின்னும் உருண்டையாக நிற்க உதவும். எத்தில் செல்லுலோஸ், மெக்னீசியம் ஸ்டியரேட் போன்ற நீரை விரும்பாதவை வெளியீட்டை இழுத்துப் பிடிக்கும், ஒட்டுதலைக் கெடுக்கும். உறிஞ்சுதலைக் கூட்ட ஈடிடிஏ சேர்க்கலாம் என்று எங்காவது படித்திருந்தால், அல்ஜினேட் மணியில் வேண்டாம்: கால்சியத்தையே பிடுங்கிக்கொண்டு மணியைக் கரைத்துவிடும்.

ஒட்டுதலை அளப்பது

கழுவிப் பார்க்கும் சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. காலையிலேயே கறிக்கடையில் சொல்லி வைத்து, புதிதாக அறுத்த ஆட்டுக்குடல் வாங்குங்கள். சமையலுக்கு என்று நினைத்து அவர் தேய்த்துக் கழுவிக் கொடுத்துவிடுவார். நமக்கு வேண்டியதே அவர் கழுவித் தள்ளும் அந்தச் சளிதான். 'கழுவாமக் குடுங்கண்ணே' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த சலைனில் போட்டு ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, அன்றைக்கே பயன்படுத்துங்கள்.

குடலை நீளவாக்கில் வெட்டி, உள்பக்கம் மேலே இருக்கும்படி கண்ணாடிச் சில்லில் விரித்து, நூலால் கட்டுங்கள். உள்ளே இருப்பதைச் சலைனை மெல்ல ஓடவிட்டு அகற்றுங்கள், விரல் படக்கூடாது. ஈரமான திசுவின் மேல் 50 மணிகளைப் பரப்பி, சில நிமிடம் அப்படியே விடுங்கள். எல்லாத் தொகுதிக்கும் அதே நிமிடம். பிறகு மாத்திரை சிதைவுச் சோதனைக் கருவியின் கையில் சில்லைத் தொங்கவிட்டு, 37 டிகிரி ஊடகத்தில் மேலும் கீழும் ஆடவிடுங்கள். அரை மணி, ஒரு மணி, அப்புறம் மணிக்கொரு முறை நிறுத்தி, மீதி இருப்பதை எண்ணுங்கள். 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும், பிஎச் 6.8 ஊடகத்திலும் தனித்தனியாக.

எண்ணும்போது ஒரு குழப்பம் வரும்: சில மணிகள் விழுந்திருக்காது, ஆனால் உருக்குலைந்து கூழாகியிருக்கும். அதை ஒட்டியதாக எண்ணுவதா? நான் தனிப் பத்தியாக எழுதி வைப்பேன். மூன்று வெவ்வேறு ஆட்டின் குடலில் செய்து சராசரி எடுங்கள். ஒரே குடலின் மூன்று துண்டில் செய்து மூன்று முறை செய்தேன் என்பது சரியாகாது.

பாஸ்பேட் பஃபர் என்ற பொறி

இதில் நானே ஒரு வாரத்தைத் தொலைத்தேன். அமிலத்தில் இரண்டு மணி நேரம் அழகாக நின்ற மணிகள், பாஸ்பேட் பஃபருக்கு மாற்றியதும் ஊதி, சிதைந்து, மருந்தை மொத்தமாகக் கொட்டின. கார்போபால்தான் காரணம் என்று நினைத்து விகிதத்தை மாற்றி மாற்றிப் புதுத் தொகுதிகள் போட்டேன். எல்லாம் அதே கதி. கடைசியில், கார்போபாலே சேர்க்காத அடிப்படைத் தொகுதியைப் போட்டுப் பார்த்தபோது அதுவும் சிதைந்தது. வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

நடந்தது இவ்வளவுதான். பாஸ்பேட் கால்சியத்தைப் பிடிக்கும். பஃபரிலுள்ள சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கும். முட்டைத் தட்டிலிருந்து முட்டைகள் கழன்றால் தட்டு நிற்காது. சிட்ரேட் பஃபரிலும் இதுவே நடக்கும். அதே பிஎச்சில் டிரிஸ் பஃபரில் ஒரு முறை ஓட்டினால், பிஎச்சின் பங்கு எவ்வளவு, பாஸ்பேட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம்.

வெளியீட்டு எண்களைப் பொருத்தும்போது

மருந்து வெளியேறும் முறையைச் சொல்லும் கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் சமன்பாட்டில் n என்ற அடுக்கின் மதிப்பைக் கண்டு, 0.45ஐயும் 0.89ஐயும் எல்லையாக வைத்து விளக்கம் எழுதியிருப்பதை எத்தனையோ ஆய்வேடுகளில் பார்க்கலாம். அவை உருளைக்கான எல்லைகள், அதாவது மாத்திரைக்கு. கோளத்துக்கு 0.43, 0.85. இன்னொன்று, மொத்த வெளியீட்டில் முதல் 60% வரையிலான புள்ளிகளுக்குத்தான் அந்தச் சமன்பாடு பொருந்தும். முதல் அரை மணி நேரத்திலேயே மணி பாதி மருந்துக்கு மேல் விட்டுவிட்டால் உங்களிடம் பொருத்தப் புள்ளிகளே இருக்காது. தொடக்கத்தில் அடிக்கடி மாதிரி எடுங்கள்.

இரண்டு தொகுதியின் வளைவுகளை ஒப்பிட எஃப்2 என்ற ஒப்புமை மதிப்பு போதும். 50க்கு மேல் வந்தால் இரண்டும் ஒரே மாதிரி என்று கொள்ளலாம். சேர்த்த பொருள் வெளியீட்டில் எதையும் மாற்றவில்லை என்று எழுதுங்கள். அதுவும் முடிவுதான்.

எந்த வரிசையில் மாற்றுவது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி நான்கைந்து தொகுதி போட்டு, எந்த அளவுக்குக் கீழே மணியே வராது, எந்த அளவுக்கு மேலே ஊசியில் இறங்காது என்று எல்லை கண்டுபிடியுங்கள். அதற்கப்புறம்தான் இரண்டு காரணிகளை மூன்று மட்டத்தில் வைக்கும் ஒன்பது தொகுதி வடிவமைப்பு. சோதனைகளைத் திட்டமிடும் மென்பொருளிடம் முதலிலேயே போனால், ஒன்பதில் மூன்று தொகுதி மணியாகவே வராது. வரைபடம் மட்டும் வண்ணமயமாக வரும். கார்போபால் விகிதமும் கால்சியம் குளோரைடு அடர்த்தியும் நல்ல இணை. இரண்டும் ஒன்றையொன்று பாதிப்பதை மேலே பார்த்தோம், அந்தப் பாதிப்பு எவ்வளவு என்பதை வடிவமைப்பு எண்ணாகக் காட்டும்.

உலர்ந்த மணிகளைச் சாதாரண டப்பாவில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். சென்னைக் காற்றில் கார்போபாலும் கிளிசரினும் இருக்கும் மணிகள் சீக்கிரமே பிசுபிசுத்து ஒரே கட்டியாகும். இறுக மூடும் பாட்டில், உள்ளே நீல சிலிக்கா ஜெல் பொட்டலம். நீலம் இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். லேபிளில் தொகுதி எண்ணோடு, உலர்த்தி முடித்த தேதியையும் அன்றைய எடையையும் எழுதி வையுங்கள். ஒட்டுதல் சோதனைக்கு எடுக்கும் அன்று மறுபடி எடை பாருங்கள். கூடியிருந்தால் அந்த மணி உங்கள் சோதனைக்கு முன்பே நீர் குடிக்கத் தொடங்கிவிட்டது.